கார் செல்ஃப் எடுக்கவில்லையா? கைகொடுக்கும் 20 குறிப்புகள்

எங்கள் வீட்டு ஆல்டோ இரண்டு மூன்று நாள் ஓடாமல் நின்றால் போதும், அடுத்த காலை செத்துக் கிடக்கும். நாலு மாதத்தில் புது பேட்டரி, பிறகு ஆல்டர்னேட்டர், பிறகு செல்ஃப் மோட்டார் என்று பதினாலாயிரம் ரூபாய் போனது. வியாதி மட்டும் போகவில்லை. கடைசியில் திருச்சி பைபாஸ் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்த ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அரைமணி நேரத்தில் பிடித்தார். எப்படிப் பிடித்தார் என்பது 8-ஆம் குறிப்பில் இருக்கிறது. அந்த நாலு மாதத்தில் நான் காசு கொடுத்துக் கற்றதெல்லாம் மற்ற குறிப்புகளில்.

1. முதல் வேலை காதுக்கு. சாவியைத் திருப்பியதும் 'டிக் டிக் டிக் டிக்' என்று பல்லி கத்துகிற மாதிரி வேகமாக வந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, இல்லாவிட்டால் டெர்மினல் லூஸ். ஒரே ஒரு 'டக்', அதற்குமேல் ஒன்றுமில்லை, உள்விளக்கும் மங்காமல் எரிகிறது என்றால் செல்ஃப் மோட்டார் பக்கம் சந்தேகப்படலாம். செல்ஃப் ஜோராகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையா? பேட்டரியைத் திட்டாதீர்கள். பெட்ரோல் வருகிறதா, ஸ்பார்க் இருக்கிறதா, டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு விட்டு விட்டு எரிகிறதா என்று பார்க்க வேண்டிய கேஸ் அது. இந்த மூன்று அறிகுறியில் எது என்று போனில் சொன்னாலே, வருகிற ஆள் எந்தச் சாமானை எடுத்து வருவது என்று தெரிந்து வருவார்.

2. பதறுவதற்கு முன் ஒன்று. ஆட்டோமேட்டிக் கார் 'பி' அல்லது 'என்' நிலையில் இல்லாவிட்டால் செல்ஃப் எடுக்காது. பல மேனுவல் கார்களில் கிளட்ச்சை அடிவரை மிதித்தால்தான் எடுக்கும். கால்மிதி சுருண்டு கிளட்ச்சுக்கு அடியில் போயிருந்தாலும் இதே கதைதான். பட்டன் ஸ்டார்ட் கார் என்றால் சாவிக்குள் இருக்கும் சின்ன பட்டன் செல் தீர்ந்திருக்கலாம். சாவியையே ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பல மாடல்கள் கிளம்பிவிடும். என் மைத்துனர் இதற்காக டோயிங் வண்டி வரவழைத்து இரண்டாயிரம் கொடுத்தவர். செல் விலை ஐம்பது ரூபாய்க்குள்.

3. பானெட்டைத் திறந்து பேட்டரி டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தால் கரன்ட் சரியாகப் பாயாது. ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடாவைக் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள், நுரைத்து அடங்கும். தண்ணீர் பேட்டரி மூடி வழியாக உள்ளே இறங்கக் கூடாது. துணியால் துடைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் பல மாதம் பூக்காது. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். காரின் பாடி முழுக்க மைனஸோடு சேர்ந்தது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸைக் கழற்றப் போய் ஸ்பானர் தகரத்தில் பட்டால் தீப்பொறி தெறிக்கும். மோதிரம், வளையல், மெட்டல் வாட்ச் எதுவும் அந்த நேரத்தில் கையில் வேண்டாம். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், ஆகவே பக்கத்தில் பீடி சிகரெட்டும் வேண்டாம். மாட்டிய பிறகு டெர்மினலைக் கையால் திருகிப் பாருங்கள். இம்மியும் அசையக் கூடாது.

4. ஒரு மல்டிமீட்டர் வாங்கி வையுங்கள். முந்நூறு ரூபாய் மீட்டரே போதும். டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் தொட வேண்டும். இரவெல்லாம் நின்ற காரில், காலையில் சாவி போடுவதற்கு முன் கிடைக்கும் எண்தான் உண்மையான எண். 12.6-க்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 பரவாயில்லை. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் காலி. அடுத்து, வீட்டில் ஒருவரை சாவி திருப்பச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது எண் 10-க்கும் கீழே விழுந்தால் பேட்டரியில் தெம்பில்லை. கடைசியாக, எஞ்சின் ஓடும்போது ஒரு தடவை. 13.8-லிருந்து 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் (பழைய ஆட்கள் இன்னும் 'டைனமோ' என்பார்கள்) நன்றாக சார்ஜ் கொடுக்கிறது. எஞ்சின் ஓடியும் 12.5-லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தொட்டால் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரியை வேகவைத்துக் கொண்டிருக்கிறது. ஹெட்லைட், ஏ.சி. ஃபேன் எல்லாம் போட்ட பிறகும் இந்த எண்கள் நிலைத்து நிற்கின்றனவா பாருங்கள். சில புது மாடல்களில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும் என்பதால், அவற்றில் ஒரு எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

5. ஓடும் எஞ்சினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, 'நிக்கலைன்னா டைனமோ நல்லா இருக்கு' என்று சொல்லும் பழைய சோதனை ஒன்று உண்டு. அம்பாசடர் காலத்து வித்தை. இப்போதைய காரில் அப்படிச் செய்தால் வோல்ட்டேஜ் ஒரு நொடியில் எகிறி ஈ.சி.எம். (எஞ்சின் கம்ப்யூட்டர்) போய்விடும், பிறகு பல ஆயிரம் செலவு. நம் கண் முன்னால் யாராவது அதைச் செய்யப் போனால் தயங்காமல் தடுங்கள். ஆளையும் மாற்றுங்கள்.

6. பக்கத்து வீட்டுக் காரிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்யும்போது வரிசை முக்கியம். சிவப்பு: முதலில் செத்த பேட்டரியின் பிளஸ், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ். கறுப்பு: நல்ல பேட்டரியின் மைனஸ், மறுமுனை செத்த காரின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத ஒரு இரும்புப் பகுதி. செத்த பேட்டரியின் மைனஸில் நேராக வைத்தால் பொறி பறப்பது பேட்டரி வாயுவுக்குப் பக்கத்தில் ஆகிவிடும். கார் ஸ்டார்ட் ஆனதும் தலைகீழ் வரிசையில் கழற்ற வேண்டும். தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் காருக்கு மட்டும்: சாவி ஆனில், செகண்ட் கியர், வேகம் வந்ததும் கிளட்ச்சை விட வேண்டியது. ஆட்டோமேட்டிக்கைத் தெருவே கூடித் தள்ளினாலும் பலனில்லை.

7. தினமும் பேட்டரி இறங்குகிறதா? குற்றவாளி பேட்டரியா, காரா என்று ஒரு பைசா செலவில்லாமல் தெரிந்துகொள்ளலாம். நன்றாக சார்ஜ் ஏற்றி, ராத்திரி மைனஸ் டெர்மினலைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி வையுங்கள். காலையில் மாட்டி சாவியைத் திருப்புங்கள். கிண்ணென்று எடுத்தால் பேட்டரி நல்லது, காரில்தான் எங்கோ கரன்ட் கசிகிறது. அப்போதும் படுத்திருந்தால் பேட்டரியை மாற்ற வேண்டியதுதான். புது கார்களில் டெர்மினலைக் கழற்றினால் கடிகாரம், பவர் விண்டோ செட்டிங் போன்றவை அழியலாம். மறுபடி வைத்துக்கொள்ள வேண்டும்.

8. இப்போது அந்தத் தகரக் கொட்டகைக் கதை. அவர் முதலில் காரைத் தொடவில்லை, கேள்விதான் கேட்டார். "தினம் ஓட்டுனா வருமா சார்?" வரும் என்றேன். "எத்தனை நாள் நிப்பாட்டுனா படுக்குது?" மூன்று நாள். "இந்தத் தொந்தரவு வர்றதுக்கு முன்னாடி வண்டியில புதுசா என்ன மாட்டுனீங்க?" எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு கடையில் புது மியூசிக் சிஸ்டம் போட்டிருந்தேன். முந்தைய மூன்று இடங்களில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

எல்லாக் கதவையும் சாத்தி, சாவியை எடுத்து, கார் 'தூங்கட்டும்' என்று டீ குடிக்கப் போனார். வந்ததும் மைனஸ் டெர்மினலைக் கழற்றி, டெர்மினலுக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை ஆம்பியரில் மாட்டினார். 0.42 என்று காட்டியது. "நிக்கிற வண்டி இவ்வளவு குடிக்கக் கூடாது சார். 0.05-க்குள்ள இருக்கணும்." பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மீட்டரைப் பார்த்து, திரும்பச் சொருகிக்கொண்டே போனார். ஆறோ ஏழோ ஃபியூஸுக்கு எண் அசையவில்லை. ரேடியோ ஃபியூஸைப் பிடுங்கியதும் 0.03-க்கு இறங்கியது. ஸ்டீரியோவை வெளியே இழுத்துப் பார்த்தால், எப்போதும் கரன்ட் வரும் மஞ்சள் வயரோடு, சாவி போட்டால் மட்டும் வர வேண்டிய சிவப்பு வயரையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். கார் நின்றாலும் ஸ்டீரியோ அரைத்தூக்கத்தில் கரன்ட் குடித்துக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு 0.42 என்றால் நாளைக்குப் பத்து ஆம்பியர்-மணி. எங்கள் பேட்டரியே 35-தான். மூன்றாம் நாள் படுக்காமல் என்ன செய்யும்? கூலி 350 ரூபாய் வாங்கினார். கழற்றி எறிந்த பழைய செல்ஃப் மோட்டாரை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

9. கசிவுக்கு இன்னொரு பழைய கள்ளன் டிக்கி விளக்கு. மூடிய பிறகும் எரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? செல்போனில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்து டிக்கியை மூடுங்கள். கிளவ் பாக்ஸ் விளக்குக்கும் இதே வழி.

10. ஒரு சாமான் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் (ஹாரன், வைப்பர், சார்ஜர் பாயின்ட்) ஃபியூஸ் பாக்ஸிலிருந்து ஆரம்பியுங்கள். எது எதற்கு என்பது மூடியின் உட்புறத்திலோ கார் புத்தகத்திலோ இருக்கும். நிறத்திலேயே ஆம்பியர் தெரியும்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. போன இடத்தில் அதே நிறம்தான் போட வேண்டும். 10 போன இடத்தில் 20 போடுவதும், வெள்ளிக் காகிதம் சுற்றுவதும் வயரையே ஃபியூஸாக்குகிற வேலை. எரிவது அப்புறம் டேஷ்போர்டுக்குள். போட்ட ஃபியூஸ் உடனே மறுபடி போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, மூன்றாவது ஃபியூஸை வீணாக்காதீர்கள். ஃபியூஸ் நன்றாக இருந்தால் ரிலேயைப் பாருங்கள்: அதே பாக்ஸில் அதே நம்பர் போட்ட வேறொரு ரிலேயை இடம் மாற்றிச் சொருகினால் ஒரு நிமிடத்தில் விடை தெரிந்துவிடும்.

11. பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்குகிறதா? ஹெட்லைட் போட்டால் ஒரு பக்கம் மட்டும் மங்குகிறதா? விசித்திரமாக எது நடந்தாலும் 'எர்த்' என்று முதலில் நினையுங்கள். பாடியில் போல்ட் போட்டு மாட்டிய மைனஸ் வயர் துருவேறினால் கரன்ட் திரும்பிப் போக வழியில்லாமல் அடுத்த பல்பு வழியாக ஓடும். போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினால் சரி. கடலோர ஊர்க்காரர்களுக்கு இது அடிக்கடி வரும். இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் வேகமாக அடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கிறது, அவ்வளவுதான்.

12. ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை என்று கம்பெனி கொடுத்த 60/55 வாட் பல்பை எடுத்துவிட்டு 100/90 போடாதீர்கள். கம்பெனி வயரும் சுவிட்சும் அந்தச் சூட்டைத் தாங்காது. ஹோல்டர் உருகி ஊற்றியதை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடி மஞ்சளாகிப் போயிருந்தால் அதைப் பாலிஷ் செய்வதே பாதி வெளிச்சத்தைத் திருப்பித் தரும்.

13. எலி. நம் ஊர்க் காருக்கு மெக்கானிக்கைவிட அதிகமாக வேலை வைப்பது அதுதான். பானெட்டைத் திறந்தால் தேங்காய்ச் சில், பஞ்சு, புழுக்கை தென்படுகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். பாச்சா உருண்டை, புகையிலை எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். காருக்குள் முறுக்கு, பிஸ்கட் சிந்தாமல் இருப்பதும், ஒரே இடத்தில் பல நாள் நிறுத்தாமல் இருப்பதும் அதைவிட உதவும். கடித்த வயரை வெறுமனே முறுக்கி டேப் ஒட்டினால் அடுத்த மழைக்குத் துருப்பிடிக்கும். ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போடச் சொல்லுங்கள்.

14. வெள்ளத்தில் நின்ற காரில் சாவி போடவே கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் 'ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்' என்று போட்டவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடே வளையும். தண்ணீர் வடிந்ததும் மைனஸைக் கழற்றிவிட்டு, டோ செய்து கொண்டுபோங்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் கப்ளர்களைத் திறந்து காயவைக்கச் சொல்லுங்கள். ஏர்பேக் கப்ளர்களும் அங்கேதான் இருக்கும், அவற்றில் கைவைப்பவர் விஷயம் தெரிந்தவராக இருக்க வேண்டும். எலக்ட்ரிக் காரிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு, அது படுத்தாலும் கார் எழாது. ஆனால் எலக்ட்ரிக் காரில் ஆரஞ்சு நிற கேபிள் எதையும் தொடாதீர்கள். அது நூற்றுக்கணக்கான வோல்ட்.

15. நல்ல ஆளை எங்கே தேடுவது? கால் டாக்சி ஸ்டாண்டில், டிராவல்ஸ் வேன் டிரைவர்களிடம், ஸ்கூல் வேன் ஓட்டுகிறவரிடம் கேளுங்கள். ஒருநாள் வண்டி நின்றால் அன்றைய வருமானம் போகிறவர்கள் மோசமான ஆளிடம் இரண்டாம் முறை போக மாட்டார்கள். உதிரிபாகக் கடைக்காரரிடமும் கேட்கலாம். எந்த மெக்கானிக் சாமான் வாங்கிப் போய் 'இது இல்லை' என்று அடிக்கடி திருப்பிக் கொண்டுவருகிறார் என்பது அவருக்குத் தெரியும். பிறகு முதல் நாளே பெரிய வேலையைத் தூக்கிக் கொடுக்காமல், ஒரு ஹாரன் வேலையோ வைப்பர் வேலையோ கொடுத்துப் பாருங்கள்.

16. போனதும் 'பேட்டரி மாத்துங்க' என்று சொல்லாதீர்கள். நாம் கேட்டதை மாற்றிவிட்டுக் காசு வாங்கினால் அவர் மேல் தப்பே இல்லை. அறிகுறியை மட்டும் சொல்லுங்கள்: காலையிலா, ஓடிச் சூடான பிறகா, மழைக்குப் பிறகா, எதை மாட்டிய பிறகு. முடிந்தால் சத்தத்தைப் போனில் பதிவு செய்து காட்டுங்கள்.

17. அவர் மீட்டர் எடுக்கிறாரா என்று பாருங்கள். டெஸ்ட் லாம்ப்பாவது எடுக்க வேண்டும். பானெட்டைத் திறந்து கண்ணால் பார்த்தே 'ஆல்டர்னேட்டர் போச்சு சார்' என்று சொல்பவரிடம், 'எத்தனை வோல்ட் காட்டுது?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நல்லவர் மீட்டரை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார். கோபித்துக்கொள்பவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். வயரிங் கோளாறைத் தேடிக் கண்டுபிடிக்கத்தான் நேரம் ஆகும், சரிசெய்ய ஆகாது. ஆகவே ஒரு சாமானும் மாற்றாமல் கோளாறைப் பிடித்தவருக்குக் கூலியைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள். பேசினால் அடுத்த முறை அவரும் சாமான் மாற்ற ஆரம்பித்துவிடுவார்.

18. 'முழுசா மாத்தணுமா, உள்ளே என்ன போயிருக்கு?' என்று கேளுங்கள். செல்ஃப் மோட்டாரிலும் ஆல்டர்னேட்டரிலும் பெரும்பாலும் தேய்வது கார்பன் பிரஷ்ஷும் பேரிங்கும். சில நூறு ரூபாயில் முடியும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பெரும்பாலும் முழு யூனிட்டைத்தான் மாற்றுவார்கள். நான் செல்ஃப், ஆல்டர்னேட்டர், ஹாரன், வயரிங்குக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் போவேன். வாரன்டி இருக்கும் கார், ஏ.பி.எஸ்., ஏர்பேக், ஈ.சி.எம். சமாச்சாரம் என்றால் கம்பெனிக்கே போவேன். எங்கே போனாலும் கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள், புதுச் சாமானின் அட்டைப்பெட்டியோடு. பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யில் வரி அடக்கம். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. சேர்த்து பில் போட்டால் கேள்வி கேட்கலாம்.

19. பேட்டரி வாங்கும்போது தயாரித்த மாதத்தைப் பாருங்கள். ஆறு மாதம் ராக்கையில் தூங்கியது வேண்டாம். வாரன்டி கார்டில் எத்தனை மாதம் இலவச மாற்று, எத்தனை மாதம் கழிவு விலை மாற்று என்று தனித்தனியாக இருக்கும். கடைக்காரர் இரண்டையும் கூட்டித்தான் சொல்வார். சீரியல் நம்பர், தேதி, கடை முத்திரை மூன்றும் கார்டில் இருக்கட்டும், ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். சிக்னலில் தானாக எஞ்சின் அணைகிற காருக்கு அதற்கென்று வரும் வகையைத்தான் போட வேண்டும். பழைய பேட்டரியில் ஈயம் இருக்கிறது, அதற்கு விலை உண்டு. எவ்வளவு கழித்தார் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றும் வகை என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் ஆகாது.

20. பில் இல்லாமல் எந்தப் பெரிய வேலைக்கும் காசு கொடுக்காதீர்கள். போனில் பணம் அனுப்பினாலும், என்ன வேலை, எந்தச் சாமான், எத்தனை மாத வாரன்டி என்று ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்குங்கள். ஏமாற்றம் என்று உறுதியாகத் தெரிந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான். என்னிடம் அந்தப் பதினாலாயிரத்துக்கு இருந்தது பேட்டரி பில் ஒன்று மட்டும்.